ஊர் பேசாமல் இருப்பதும் வன்கொடுமைதான்

"காயம் ஏதாச்சும் இருக்கா?"

வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையம் போகிறவர்கள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இது. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்த குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். திருவிழாத் தகராறு ஒன்றில் அந்த வீட்டுப் பையன் ஊர்த்தெரு ஆட்கள்மீது புகார் கொடுத்திருந்தான். அடுத்த வாரத்திலிருந்து மளிகைக் கடையில் அவர்களுக்குச் சாமான் இல்லை. பால் ஊற்றும் இடத்தில் அவர்கள் பாலை எடுக்கவில்லை. ஒன்றரை ஏக்கர் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. வருவதாகச் சொன்ன அறுவடை இயந்திரம் வரவில்லை. பக்கத்து வயலில் ஓடிய இயந்திரத்தை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனுவைப் படித்த அதிகாரி காயம் பற்றிக் கேட்டார். இல்லை என்றோம். "அப்ப எதை வச்சு வழக்குப் போடறது? இந்தக் கடையில தரலன்னா வேற கடையில வாங்கிக்க வேண்டியதுதானே" என்றார். அவர் குரலில் கோபமில்லை, கிண்டலுமில்லை. கடைக்காரர் சாமான் தராததும் ஊர் பேசாமல் இருப்பதும் அவருக்குக் குற்றமாகவே தெரியவில்லை.

சில மாதங்களில் அந்தக் குடும்பம் முதல் வழக்கிலும் சமாதானமாகப் போனது. கோப்பில் 'இரு தரப்பும் சமரசம்' என்று ஒரு வரி ஏறியது. அந்தச் சமரசத்துக்காக யாரும் கையை ஓங்கவில்லை. ஓங்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

ஒதுக்கிவைத்தல், ஊர்விலக்கு, ஊர்க் கட்டுப்பாடு என்று நாம் பல பெயரில் சொல்லும் இந்தச் செயலை, வன்முறைக்கு முந்தைய சில்லறை விஷயமாகவே காவல்துறையும் பத்திரிகைகளும் நாமும்கூடப் பார்த்துப் பழகிவிட்டோம். குற்றவியல் துறையில் மத, இன வெறுப்புக் குற்றங்களை ஆராய்கிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. அவர்கள் ஆய்வு நமக்கு எதைத் தருகிறது, நம் சட்டம் எதைத் தந்திருக்கிறது, இரண்டும் நம் காலனி வரை ஏன் வந்து சேரவில்லை என்பதைப் பார்க்கலாம்.

ஆய்வாளர்கள் சொல்வது

ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் வெளியிட்ட நூலில் வெறுப்பு வளரும் விதத்தை ஐந்து படிகளாக வகுத்தார். முதல் படி இழிவாகப் பேசுவது. இரண்டாவது ஒதுக்குவது. மூன்றாவது பாகுபாடு காட்டுவது. நான்காவது அடிப்பது. ஐந்தாவது அழித்தொழிப்பது. எல்லா வெறுப்பும் கடைசிப் படிவரை போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரு படியில் பழகிய கால் அடுத்த படிக்கு எளிதாக ஏறும் என்றார்.

கனடாவின் குற்றவியல் பேராசிரியர் பார்பரா பெர்ரி 2001-இல் எழுதிய நூல் இன்னும் ஒரு அடி முன்னே போனது. வெறுப்புக் குற்றம் ஏதோ ஒருவனின் ஆத்திரத்தில் பிறப்பதில்லை. யார் மேலே, யார் கீழே என்ற வரிசை கலையும்போது அதைத் திரும்ப அடுக்கி வைக்கும் வேலையைத்தான் அது செய்கிறது என்பது அவர் வாதம். அடி ஒருவர்மேல் விழும். சேதி அவரைச் சேர்ந்த அத்தனை பேருக்கும் போகும். இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஒரு வீட்டை ஒதுக்கிவைத்தால் காலனியின் மற்ற வீடுகள் வாயை மூடிக்கொள்ளும் என்பது ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்களுக்கு எந்த நூலையும் படிக்காமலே தெரியும்.

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நீல் சக்ரவர்த்தியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012 முதல் 2014 வரை அந்நகரத்தில் வெறுப்புக் குற்றத்துக்கு ஆளானவர்களிடம் விரிவான ஆய்வு நடத்தினார்கள். செய்தியாகும் பெரிய தாக்குதல்களைவிட, அன்றாடம் நடக்கும் சிறிய அவமதிப்புகளே மக்களின் வாழ்க்கையை அதிகம் சுருக்குகின்றன என்பதும், ஆளானவர்களில் பெரும்பான்மையோர் காவல்துறையிடம் போகவே இல்லை என்பதும் அதில் தெரிந்தன.

அந்த நாட்டில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் லண்டனில் கொல்லப்பட்டார். காவல்துறை அந்த வழக்கைக் கையாண்ட விதத்தை விசாரித்த மெக்பெர்சன் அறிக்கை 1999-இல் வெளியானது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ ஒரு நிகழ்வை இனவெறுப்பு நிகழ்வு என்று கருதினால், காவல்துறை அதை அப்படியே பதிவுசெய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நீதிமன்றத்தில் நிரூபிப்பது பிறகு. முதலில் எழுது என்பது அதன் சாரம். நம் நிலையங்களில் வரிசை தலைகீழ். நிரூபித்துவிட்டு வா, எழுதிக்கொள்கிறேன் என்கிறார்கள்.

எழுதப்படாதது எண்ணப்படுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கும்பல் கொலை, வெறுப்புக் குற்றம் ஆகியவை குறித்து 2017-இல் தகவல் திரட்டியது. அந்தத் தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்பதால் கைவிட்டதாக ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறப்பிடம், தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களால் செய்யும் கொலைக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் மதம் என்ற சொல் இல்லை. உயிர் போனால்தான் அந்தப் பிரிவும் வரும். உயிரை விட்டுவைத்து வாழ்க்கையை முடக்குவதற்கு அதில் இடமில்லை.

1930-லேயே கேட்டவர்கள்

மேலை ஆய்வாளர்களுக்கு முன்பே இதைக் குற்றம் என்று பெயரிட்டுச் சொன்னவர்கள் நம்மவர்கள். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டின் சிறுபான்மையினர் குழுவிடம் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கூட்டாக ஒரு திட்டத்தைக் கொடுத்தார்கள். சம உரிமையைச் சட்டத்தில் எழுதினால் போதாது. அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவரைச் சமூகம் புறக்கணித்தால் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

காரணத்தையும் தெளிவாகச் சொன்னார்கள். பம்பாய் அரசு 1928-இல் அமைத்த குழு, உரிமை கேட்ட ஒடுக்கப்பட்டோரைக் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றுவது, வேலையை நிறுத்துவது, பொதுப்பாதையை மறிப்பது, கடையில் சாமான் தராமல் இருப்பது ஆகியவற்றைக் கண்டு பதிவுசெய்திருந்தது. அம்பேத்கர் அதை எடுத்துக்காட்டினார். புறக்கணிப்பைத் தண்டிக்கும் சட்டம் 1922-இல் பர்மாவில் வந்திருந்தது; அதன் வாசகத்தை மாதிரியாக வைத்துத் தன் வரைவை எழுதினார். 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்திலும் இதே கோரிக்கையைத் திரும்ப வைத்தார்.

சுதந்திர இந்தியா கோரிக்கையைத் துண்டு துண்டாகவே நிறைவேற்றியது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் (1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது) புறக்கணிப்பைக் குறிப்பிட்டது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதலில் இது தனிக் குற்றமாக இல்லை. திருத்தப்பட்ட சட்டம் 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் பிரிவு 3(1)(இசட்.சி) என்று சேர்ந்தது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரையோ குடும்பத்தையோ குழுவையோ சமூகரீதியாக அல்லது பொருளாதாரரீதியாகப் புறக்கணித்தாலோ, புறக்கணிப்போம் என்று மிரட்டினாலோ 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே 86 ஆண்டுகள்.

என்ன செய்தால் புறக்கணிப்பு என்பதற்குச் சட்டமே வரையறை தருகிறது. வழக்கமான சேவையைத் தர மறுப்பது, கூலிக்கு வேலை செய்யவோ வேலை தரவோ மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது, மற்றவர்களுக்குத் தரும் நிபந்தனையில் இவர்களுக்குத் தர மறுப்பது, வழக்கமான சமூக உறவை நிறுத்திக்கொள்வது, மற்றவரிடமிருந்து தனிமைப்படுத்துவது எல்லாம் அதில் வரும். வராத அறுவடை இயந்திரமும் எடுக்காத பாலும் அதில் அடக்கம். நிவாரண விதிகளின்படி, நிறுத்தப்பட்ட சேவைகள் அனைத்தையும் மற்றவர்களுக்கு இணையாக மீட்டுத் தர வேண்டும். 1 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. அன்று அந்த மேசையில் நாங்கள் கேட்க வேண்டியிருந்தது இதைத்தான்.

குற்றவாளியே படம் எடுத்தால்தானா?

இந்தப் பிரிவு உயிரோடு வேலை செய்ததைத் தமிழ்நாடு ஒருமுறை நன்றாகப் பார்த்தது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கவந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு வந்திருக்கிறது, இனிமேல் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். பழைய மோதல் வழக்கை முடித்துக்கொள்ளும் பேச்சு ஒத்துவராமல் போனதே பின்னணி. காணொளி பரவியதும் கைது நடந்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள். வழக்கில் தொடர்புடைய ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு வழிசெய்வது வன்கொடுமைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு. ஊரைவிட்டு ஒதுக்கியவர்களைச் சட்டம் ஊரைவிட்டு வெளியே வைத்தது.

ஆனால் அந்தக் காணொளியை எடுத்தது யார்? குழந்தைகளோ பெற்றோரோ அல்ல. கடைக்காரர் தரப்பே பெருமைக்காக எடுத்துப் பரப்பியது. அந்தப் பெருமை இல்லாமல் போயிருந்தால் வழக்கும் இருந்திருக்காது.

நம் கடலூர் மாவட்டத்தில் 2020 அக்டோபரில் நடந்ததும் இதே கதைதான். புவனகிரிப் பகுதியில் உள்ள தெற்குத் திட்டை ஊராட்சியின் தலைவரான தலித் பெண், மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் புகைப்படம் வெளியான பிறகே அரசு இயந்திரம் அசைந்தது. அவர் தரையில் உட்கார்ந்தது படம் எடுத்த அன்று மட்டுமா? படமில்லாத கூட்டங்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஒதுக்கிவைப்பதன் பலமே அது தடயம் விடாததில் இருக்கிறது. நாவிதர் வரவில்லை என்றால் அவருக்கு வேறு வேலை என்பார்கள். டிராக்டர் வரவில்லை என்றால் டீசல் இல்லை என்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் சாதாரணம். எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே வீட்டுக்கு நடந்தது என்பதில்தான் குற்றம் தெரியும். அதைத் தெரியவைக்க, தேதிவாரியாக எழுதிய ஒரு நோட்டு வேண்டும்.

"யாரோடு பேசுவது என்பது என் விருப்பம், அதற்கும் வழக்கா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பிடிக்காதவரோடு பேசாமல் இருக்க யாருக்கும் உரிமை உண்டு. ஊர்விலக்கு வேறு. பேச விரும்புகிறவரையும் பேச விடாதது அது. அந்த வீட்டுக்குச் சாமான் கொடுத்தால், நல்லது கெட்டதுக்குப் போனால் அபராதம் என்று கூட்டத்தில் முடிவாகிறது. அந்த அபராதம் இருந்தால் அது தனிமனித விருப்பமில்லை, உத்தரவு. 1955 சட்டத்தின் பிரிவு 7(2) இதை அப்போதே கண்டிருந்தது. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்ததற்காகத் தன் சொந்தச் சாதிக்காரரையே விலக்கி வைப்பதும் அதன்படி குற்றம். ஊர்த்தெருவில் நமக்காகப் பேசத் துணிகிற ஓரிருவருக்கும் இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. அது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

வேலி தாண்டினால்

ஒதுக்குதலுக்கும் கொலைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை விருத்தாசலம் வட்டாரத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2003 ஜூலை 8 அன்று புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியும் முருகேசனும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். அவர் வன்னியர் பெண். இவர் தலித், பொறியியல் படித்தவர். பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை விதித்தது. அவர்களில் இருவர் காவல்துறையினர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது. கொலை நடந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த வழக்கைச் சாதிமறுப்புத் திருமணத்துக்கு எதிரான கொலை என்றே பேசுகிறோம். சரிதான். ஆனால் இரண்டு தெருக்களுக்கும் நடுவே முன்பே ஒரு வேலி இருந்ததால்தான் அதைத் தாண்டியது மரண தண்டனைக்குரிய குற்றமாக ஆனது. அந்த வேலி அன்றாட ஒதுக்கலால் கட்டப்பட்டது. தாண்டியவரைக் கொன்றவர்களைப் பிடிக்க நாடு 22 ஆண்டு எடுத்துக்கொண்டது. வேலி கட்டியவர்கள்மேல் ஒரு மனுகூட எழுதப்பட்டதில்லை.

கோயில் வாசலில் நின்றுவிடும் சட்டம்

இதுவரை சொன்னது இந்து தலித்துகளுக்கு. ஒதுக்கப்படுகிறவர் கிறித்தவராக இருந்தால் கதை இன்னும் மோசம்.

2008 மார்ச் 9. எறையூர். பெண்ணாடம் பக்கத்துச் சர்க்கரை ஆலை இறையூரோ, வேங்கைவயல் செய்தியில் அடிபட்ட புதுக்கோட்டை இறையூரோ அல்ல. நம் பக்கத்து உளுந்தூர்பேட்டை வட்டத்து எறையூர். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. ஊரில் இரு தரப்பும் கத்தோலிக்கர்கள். ஒரே ஞானஸ்நானம், ஒரே திருப்பலி. ஆனால் தலித்துகளுக்குக் கல்லறை தனி. அவர்களின் சவ ஊர்வலம் ஊர்த்தெரு வழியே கோயிலுக்கு வரக் கூடாது. தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுப் போராடினார்கள். வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் வன்னியர் கிறித்தவர்கள் இருவர் இறந்தார்கள். அந்த இரண்டு உயிர்களும் போயிருக்க வேண்டியதில்லை. சவம் எந்தத் தெருவில் போகலாம் என்ற கேள்வியை எத்தனையோ காலம் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளாததன் விலை அது.

எறையூர் முடிந்த கதையில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளையும் மற்றவர்களையும் பிரிக்கும் சுவர் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கிறித்தவர்கள் திருவிழாவிலும் கோயில் நிர்வாகத்திலும் ஒதுக்கப்படுவதாக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அரசுக்கும் மற்றவர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது.

இவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உதவாது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை முதலில் இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றுவரை வெளியே. சாதிச் சான்றிதழ் கையில் இருந்தாலும், கிறித்தவராகிவிட்டவர் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசமைப்பின்மீதான மோசடி என்று 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இந்த இடத்தில்தான் குற்றவியல் ஆய்வு நமக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. 1985-இல் சூசை வழக்கு. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர் அவர். இந்துத் தொழிலாளர்களுக்கு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. நீதிமன்றம் கேட்டது கணக்கு. எத்தனை ஊரில் கல்லறை தனி, எத்தனை பங்கில் தேர் அந்தத் தெருவுக்கு வருவதில்லை, எத்தனை குடும்பம் திருவிழா வரியிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. மதத்தோடு பட்டியல் சாதித் தகுதியைக் கட்டிவைக்கக் கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது, நடக்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். அதன் காலமும் நீட்டிக்கப்பட்டது. ஆதாரத்தை ஆணையம் தேடி வரும் என்று காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகளும் காத்திருப்பார்கள்.

அதுவரை ஒரு கதவு திறந்திருக்கிறது. 1955 சட்டம் குற்றத்தைத் தீண்டாமையோடு கட்டியிருக்கிறது; பட்டியல் சாதி என்ற தகுதியோடு கட்டவில்லை. அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால், காரணம் தீண்டாமைதான் என்று நீதிமன்றம் தானே ஊகித்துக்கொள்ளும். கிறித்தவர் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும். கடினம்தான், ஆனால் முயன்று பார்க்க வேண்டிய கதவு.

மத உரிமையும் ஊர் உரிமையும்

மதத்துக்குள் ஒருவரை விலக்கிவைப்பது அந்த மதத்தின் உள்விவகாரம் என்ற வாதம் பழையது. பம்பாய் மாகாணம் 1949-இல் சமூக விலக்கைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. தாவூதி போரா இசுலாமியரின் மதத் தலைவர் வழக்குப் போட்டார். 1962-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வி 2023 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. வெளிநாட்டிலும் குழப்பம்தான். சபையைவிட்டு விலகியவர்களோடு உறவினர்கூடப் பேசக் கூடாது என்று கற்பித்ததற்காக யெகோவாவின் சாட்சிகள் அமைப்புக்கு 2021 மார்ச்சில் பெல்ஜியத்தின் கென்ட் நகர நீதிமன்றம் 96,000 யூரோ அபராதம் விதித்தது. 2022 ஜூனில் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

எனவே மதத்தின் பெயரைத் தொட்டால் நீதிமன்றங்கள் தயங்கும். மகாராஷ்டிரம் அதைத் தெரிந்துகொண்டு வேறு வழியில் போனது. அங்கே 2016-இல் நிறைவேறி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், எந்தச் சாதியானாலும் எந்த மதமானாலும் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்குகிறது. 3 ஆண்டுவரை சிறை. பாதிக்கப்பட்டவரின் சாதிச் சான்றிதழை அது கேட்பதில்லை. பெரியார் பிறந்த தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆணவக் கொலைக்கு எதிரான சட்டம் குறித்துப் பரிந்துரைக்க 2025 அக்டோபரில் நீதியரசர் கே.என். பாஷா தலைமையில் தமிழ்நாடு அரசு ஆணையம் அறிவித்தது. வரவேற்கிறோம். அந்தச் சட்டம் எந்த வடிவில் வந்தாலும், கொலைக்கு முன்னால் நடக்கும் ஊர்விலக்கும், திருமணம் செய்த பிள்ளைகளின் பெற்றோரை ஊர் ஒதுக்கிவைப்பதும் அதில் குற்றமாக வேண்டும்.

செய்ய வேண்டியது

சட்டம் வரும்போது வரட்டும். கம்மாபுரம், விருத்தாசலம், நல்லூர், மங்களூர் ஒன்றியங்களில் உள்ள ஒவ்வொரு காலனியிலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பீங்கான் பட்டறைக்கும் நெய்வேலிச் சுரங்க ஒப்பந்த வேலைக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதிக்கும் தலைமுறை இது. வயல் வேலையை நிறுத்தினால் பட்டினி என்று நம்மை மிரட்ட இப்போது முடியாது. அதனால்தான் புறக்கணிப்பும் பாதை, கடை, பால், இயந்திரம், தண்ணீர் என்று இடம் மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எழுதும் வேலையை அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்தத் தேதி, எந்த நேரம், எந்தக் கடை, என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, உடன் யார் இருந்தார், ஊர் முடிவு என்று சொன்னவர் யார், அதே நாளில் மற்றவருக்கு அதே பொருள் கிடைத்ததா என்று எழுதுங்கள். கைப்பேசியில் பேச்சு இருந்தால் அழிக்காதீர்கள். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இந்த வழக்கை விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர். நிலையத்தில் எடுக்காவிட்டால் அவரிடமும் திங்கள்கிழமை ஆட்சியரிடமும் நகல் போகட்டும். கடமை தவறும் அரசு ஊழியருக்குப் பிரிவு 4-இன் கீழ் 6 மாதம் முதல் 1 ஆண்டுவரை சிறை உண்டு. பழைய வழக்கின் சாட்சியை மடக்கவே புறக்கணிப்பு நடக்கிறது என்றால், பிரிவு 15ஏ-யின் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு கோரிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய மாவட்ட விழிப்பு, கண்காணிப்புக் குழுவில் புறக்கணிப்புப் புகார்களுக்கு என்று தனிப் பட்டியல் வையுங்கள். நிரூபணமானதை மட்டும் எண்ணாமல், வந்ததையெல்லாம் எண்ணுங்கள். நம் மாநிலத்துப் பல்கலைக்கழகங்களின் குற்றவியல் துறைகள் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர்களுக்கு வரட்டும். இந்து, கிறித்தவர், இசுலாமியர் என்று பார்க்காமல், எந்தத் தெருவில் எந்த வாசல் யாருக்கு மூடியிருக்கிறது என்று ஆராயட்டும். சூசை கேட்டு 40 ஆண்டாகக் கிடைக்காத ஆதாரம் அதில் இருக்கும்.

அந்தக் குடும்பத்தின் நெல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்து நாள் கழித்து வெளியூரிலிருந்து, கூடுதல் வாடகைக்கு ஓர் இயந்திரம் வந்தது. மழை முந்திக்கொண்டது, பாதி நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. அந்த முளைத்த கதிரை ஒரு பிடி எடுத்துப்போய் மேசையில் வைத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அடுத்த முறை காயம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், பிரிவு 3(1)(இசட்.சி) என்று சொல்லி அந்த நோட்டைப் பிரித்துக் காட்டுங்கள்.